தம்பியைத் தொடுகிற கை

மூக்கண்டப்பள்ளி,
11.7.2004, ஞாயிறு.

அன்புள்ள ரேவதிக்கு,

மணிவேல் எழுதிக்கொள்வது. ஸ்வாதி நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும், எழுதியாயிற்று. நீயும் சின்னவனும் தேறி வருவதாக மாமா சொன்னார். பச்சை உடம்பை வைத்துக்கொண்டு துணி துவைக்கிறேன், தண்ணீர் தூக்குகிறேன் என்று திரியாதே. அத்தை சொல்வதைக் கேள்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தையை ஏன் கையில் வாங்கவில்லை, அத்தை நீட்டியபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏன் ஓடினீர்கள், என் மேல் கோபமா, குழந்தை மேல் கோபமா என்று கேட்டாய். உன் பக்கம் மளிகைக் கடையில் நாலு பேர் நிற்பார்கள். என் பக்கம் பூத்துக்கு வெளியே வரிசை. அதற்கு நடுவில் சொல்கிற விஷயம் இல்லை இது. எழுத்தில் சொன்னால் என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். யார் மேலும் கோபம் இல்லை ரேவதி. வெட்கம்தான்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவள் யு.கே.ஜி. போனதிலிருந்து நம் லைன் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. புது மிஸ் கிருமி பாடம் எடுத்திருக்கிறது. மிஸ்ஸுக்கு இருபது, இருபத்தொரு வயசு இருக்கும், பிள்ளைகளிடம் உயிராக இருக்கிறது. கிருமி கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டிக்கொண்டு வாய் வழியாக வயிற்றுக்குள் போய்க் குடியிருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. இவள் அதைப் பிடித்துக்கொண்டு காலையில் குழாயடியில் போய் நிற்கிறாள். குடம் வைக்க வருகிறவர்கள் எல்லோரும் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். வெங்கடம்மா அக்கா சாணி தெளித்த கையோடு வந்து மாட்டிக்கொண்டு, "அய்யோ ராமா, மாமியார் இல்லாத வீடுன்னு வந்தேன், இங்க ஒண்ணு வந்து ஒக்காந்திருக்கே" என்று புலம்புகிறார்.

வீட்டுக்காரர் திம்மப்பன் தன் டீக்கடையில் நாலு கிளாஸை நாலு விரலை உள்ளே விட்டுத் தூக்கி வருவார் இல்லையா. ஒருநாள் இவள் கடை முன்னால் நின்று, "தாத்தா, உங்க விரல்ல இருக்கற கிருமி எல்லாம் டீயில நீச்சல் அடிக்குது" என்று சொல்லிவிட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கிளாஸைக் கீழே வைத்தார்கள். இந்த மாதமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டே "ஆய்த்து தாயி, ஆய்த்து" என்று, சரிம்மா சரி என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். இப்போது தட்டில் வைத்துத்தான் கொண்டு வருகிறார். அதுவரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு என் கைக்கு வந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, சாதம் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தால்தான் அவளுக்கு இறங்கும் என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் வாயை மூடிக்கொண்டாள். "அப்பா கையில கிருமி இருக்கு. ஸ்பூன்ல குடுங்க" என்றாள். கழுவினேன். மறுபடி பார்த்து, இன்னும் இருக்கிறது என்றாள். அவள் மேல் தப்பு இல்லை. வகுப்பில் மாட்டியிருக்கிற படத்தில் சுத்தமான கை ரோஸ் கலரில் இருக்கிறது. கிருமிக் கை கோடு கோடாகக் கருப்பு, நகத்தில் கருப்பு, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு கிருமி. கிருமியைத் தவிர மற்றதெல்லாம் என் கையேதான்.

பிரேக் டிரம் காஸ்டிங் கடைகிற கை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுகிற மிஷினில் கிளவுஸ் போடக் கூடாது, போட்டால் கையோடு இழுத்துக்கொள்ளும். கடையும்போது பறக்கிற இரும்புத் தூளும் ஆயிலும் சேர்ந்து ரேகைக்குள் இறங்கியது இத்தனை வருஷமாக வெளியே வரவில்லை. மாமாவும் நாளெல்லாம் சேற்றில்தான் நிற்கிறார், ஆனால் மண் ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விடும். ஸ்வாதி பிறந்தபோது நான் தூக்கிவிட்டுக் கொடுத்ததும் அந்த வெள்ளைத் துணியில் என் விரல் அச்சு இருந்தது. அத்தை அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துப் போய் வேறு துணி மாற்றினார். நீ பார்த்தாயா தெரியாது. எனக்கு இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

ஸ்பூன் விஷயத்தை நான் சிரித்து விட்டுவிட்டிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியில் எல்லோரும் மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ப்போம். அது போதவில்லை என்று, தண்ணீர்த் தொட்டியில் போட திம்மப்பன் வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கேட்காமல் ஒரு கை அள்ளி வந்து குழைத்துப் பூசிக்கொண்டேன். கருப்பு போகவில்லை, தோல் போனது. விரல் இடுக்கெல்லாம் வெந்து, சூப்பர்வைசர் பார்த்து, கம்பெனியில் ஆசிட் ஏதாவது கொட்டிக்கொண்டாயா என்று பதறினார். என்ன சொல்ல, ஐந்து வயசுப் பெண்ணிடம் பாஸாக வேண்டும் என்று செய்தேன் என்றா சொல்வது. வீட்டில் பாத்திரம் கழுவியதில் அலர்ஜி என்றேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டலாம்.

சின்னவன் பிறப்பதற்கு முந்தின சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கை கழுவும் விழா வைத்தார்கள். பிள்ளையும் அப்பாவோ அம்மாவோ ஒருவரும் சேர்ந்து, எல்லோர் முன்னாலும் சோப்புப் போட்டுக் கழுவி, மேஜையில் விரித்த வெள்ளைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையைக் காட்ட வேண்டும். மிஸ் புறங்கையில் ஸ்டார் ஒட்டும். நான் ஷிப்ட் முடிந்து நேராகப் போனேன். ஸ்வாதி வாசலிலேயே காத்திருந்து, வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். முன்னால் நின்றவர்கள் கடைக்காரர், பேங்க்கில் வேலை செய்கிறவர், நைட்டி மேல் துண்டு போட்டு வந்த அம்மாக்கள். ஒவ்வொருவரும் துடைக்கத் துடைக்க அந்தத் துண்டு அப்படியே வெள்ளையாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. மிஸ் என்னைப் பார்த்து, "நீங்க ஸ்வாதி அப்பாங்களா" என்று கேட்டது.

நான், "இல்லீங்க, நான் பக்கத்து வீடு. அவங்கப்பாவுக்கு ஷிப்ட்டு, பாப்பாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்குத் தெரியாது ரேவதி. சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. ஸ்வாதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிட்டிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. மிஸ்தான் அவளோடு சேர்ந்து கை கழுவி ஸ்டார் ஒட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே வந்தாள், தின்னவில்லை.

அடுத்த வாரம் சின்னவன் பிறந்த சேதி வந்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல் நான் நின்றது அதனால்தான். வெந்த தோலும் உரிந்துகொண்டிருந்தது. அத்தை குழந்தையை நீட்டினார், அதுவும் வெள்ளைத் துணியில். எனக்கு அந்த மேஜையும் துண்டும்தான் தெரிந்தது. ஓடிவிட்டேன்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டியதும் ஸ்வாதி பஸ்ஸில் என்னிடம் கேட்டாள். "தம்பிக்கு நீங்க அப்பாவா, இல்ல பக்கத்து வீட்டு மாமாவா?" குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தூங்கு பாப்பா என்று அவள் தலையை மடியில் சாய்த்தேன். சூளகிரி வரைக்கும் கண்ணை மூடவே இல்லை அவள்.

அதற்கப்புறம் குழாயடியில் போய் நிற்பதை விட்டுவிட்டாள். என் கையையும் பார்ப்பதில்லை. ஸ்பூனில் கொடுத்தால் சாப்பிடுகிறாள், இல்லாவிட்டால் தானே அள்ளித் தின்கிறாள். "ஏம்பா மணிவேலு, பாப்பா ஏன் வாயே தெறக்க மாட்டேங்குது" என்று வெங்கடம்மா அக்கா கேட்டார். அம்மா நினைப்பாக இருக்கும் என்று உன் மேல் பழியைப் போட்டேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

இந்த வியாழக்கிழமை காலையில் நான் ஷிப்ட் போன பிறகு, இவள் வாசலில் நின்ற சைக்கிளின் செயினிலிருந்து கிரீஸைத் தொட்டுத் தொட்டு இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகம் எதையும் விடவில்லை. கூட்டிப்போகிற வெங்கடம்மா அக்கா பார்க்காமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அங்கே காலையில் வரிசையாகக் கை பார்க்கிற நேரத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் நீட்டியிருக்கிறாள். கிருமி கிருமி என்று பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். மிஸ் என்ன இது என்று அதட்டியதற்கு, "இது கிருமி இல்ல மிஸ். எங்கப்பா கை" என்றாளாம்.

நாளைக்கு ஸ்வாதி அப்பாவை வரச் சொல்லுங்கள் என்று மிஸ் அக்காவிடம் சொல்லி அனுப்பியது. வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் மிஸ், "நீங்களே வந்தீங்களா, அவங்கப்பாவுக்கு இன்னைக்கும் ஷிப்ட்டா" என்று கேட்டது. பிள்ளைகள் எல்லாம் பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஸ்வாதியும் பார்க்கிறாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

நான்தான் அப்பா என்றேன். சத்தம் வரவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். பிறகு பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து நீட்டிக் காட்டினேன், பிள்ளைகள் காட்டுகிற மாதிரியே. அந்தப் பெண் கையைப் பார்த்தது, மாட்டியிருந்த படத்தைப் பார்த்தது, அதன் முகம் சிவந்துபோனது. "அன்னைக்கு ஏங்க அப்படிச் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டது. பெற்ற பெண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் யாரும் இல்லை என்று சொன்னவன், அதற்கு என்ன காரணம் சொல்ல முடியும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பூமி பிளந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஸ்வாதி எழுந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ. முந்தின நாள் கிரீஸ் அவள் நகத்தில் இன்னும் இருந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் அவள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு நான் கழுவி விட்டேன். அவளுடையது போய்விட்டது. பிறகு அவள் என் கையைக் கழுவினாள். இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று பாடத்தில் சொன்னபடி ஒன்றையும் விடாமல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கருப்பு அப்படியே இருக்கிறது. அவள் என் கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "சோப்பு வாசம் வருது. கிருமி போயிருச்சு. இது சும்மா கலரு" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டை ஸ்பூன் இல்லாமல் என் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

அவள் மறந்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு நேற்று பதில் சொன்னேன். தம்பிக்கும் நான்தான் அப்பா, உனக்கும் நான்தான் அப்பா, அன்றைக்கு அப்பா பொய் சொன்னேன் என்றேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எது தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை தொட்டில் போடுவதற்கு முந்தின நாளே இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். லீவு சொல்லியாயிற்று. அத்தையிடம் கலர்த் துணி போடச் சொல் என்று இதில் எழுதத்தான் நினைத்திருந்தேன். வேண்டாம், அவர்கள் வழக்கப்படியே வெள்ளை போடட்டும். இந்தக் கடிதத்தை நீ படித்ததோடு வைத்துக்கொள், மாமாவுக்குத் தெரிய வேண்டாம். குழந்தையை என்னிடம் யார் கொடுத்தாலும் சரி, நீ கொடுத்தால் இன்னும் நல்லது. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே. கொஞ்சம் கழித்துப் பார்.

இன்னொன்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு புதுச் சோப்பு எடுத்து வை. தம்பியைத் தொடுவதற்கு முன்னால் என் கையை அவள்தான் கழுவி விடுவாளாம், மோந்து பார்த்துத்தான் விடுவாளாம். அத்தைக்கும் அதே கண்டிஷன், சொல்லி வை.

சின்னவனுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்வாதிக்கும் சின்னவனுக்கும் அப்பா,
மணிவேல்.