இடது பக்கம் மட்டும் உரசுகிறது

மார்ச் 3, திங்கள்

மழை முறித்துப் போட்ட பாலம் ஒரு மாதமாக அப்படியே கிடக்கிறது. மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கல்தான் எமன். இன்று என் நர்சரிச் செடி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பிக்கப்பின் வயிறு இரண்டு இடத்தில் இடித்தது.

மகளுக்குப் பிரசவம் ஏப்ரல் பத்து என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. "இருபத்தொன்பதாம் தேதி வந்து கூட்டிட்டுப் போம்மா. அதுவரைக்கும் நச்சரிக்காத" என்கிறாள். ஆம்புலன்ஸ் உடைந்த பாலம் வரைதான் வருமாம். மாப்பிள்ளையிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். ஆக, அவளை இறக்கிக்கொண்டு வர என் வண்டியை விட்டால் வேறு கதி இல்லை. வண்டியை உயர்த்த வேண்டும். பெரிய சக்கரம்தான் வழி.

மார்ச் 5, புதன்

போட்டாயிற்று. டயர்க்கடைக்காரர் நல்ல மனுஷன். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய நான்கு பெரிய வீல்களை எனக்காக எடுத்து வைத்திருந்தார். பதினைந்து வருஷமாகச் செடி சுமக்கிற என் வண்டி திடீரென்று பயில்வான் மாதிரி நிற்கிறது. நன்றி என்று வாயில் வராத ஜென்மம் நான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: நன்றி, டயர்க்கடைக்காரரே.

ஆனால் வீட்டு வாசலில் இடது பக்கம் ஒடித்துத் திருப்பும்போது ஒரு சத்தம். கர்ர்ர்.

மார்ச் 6, வியாழன்

இடது பக்கம் மட்டும்தான் உரசுகிறது. வலது பக்கம் சமத்து.

மார்ச் 8, சனி

என் அதிபுத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! சக்கரத்தை வெளியே தள்ளினால் உரசாது என்று நானாகவே முடிவு செய்து சக்கரத்துக்கு உள்பக்கம் வைக்கும் ஸ்பேசர் வளையம் வாங்கி மாட்டச் சொன்னேன். டயர்க்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார். இப்போது டயர் வெளியே நிற்கிறது, திரும்பும்போது பெரிய வட்டமாகச் சுற்றுகிறது, முன் பம்பரின் மூலையிலும் போய் இடிக்கிறது. அதுவும் இரண்டு பக்கமும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

மார்ச் 11, செவ்வாய்

டயர்க்கடைக்காரர் இன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "இது தகடு தட்டுற வேலை அக்கா. என் கையில இல்ல. ஏன், உங்க சம்பந்தி டிங்கரிங் பட்டறைதான வச்சிருக்காரு? அவரவிட யாரு இருக்கா?"

காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பாவோடு நான் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்யாணத்தன்று, நாலு பேர் பார்க்க, என் வண்டிக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, "கதவே மூட மாட்டேங்குது. இந்த வண்டியில என் மருமகள ஏத்தாதீங்க" என்றார். இந்த வண்டியில் ஏற்றி இறக்கித்தான் அவளைப் படிக்க வைத்தேன். வண்டியைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரிதானே? அன்று மாலையே போனில் அவர் நம்பருக்கு 'எடுக்காதே' என்று பெயர் வைத்தேன். நாலைந்து தரம் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

கூப்பிட மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று லோடோடு ஆற்றில் இறங்கினேன். ஏறும் இடத்தில் ஒரு வளைவு. திருப்பினேன், வண்டி ஒரு பக்கம் அமுங்கியது, கர்ர்ர் என்று ஆரம்பித்த சத்தம் நிற்கவே இல்லை. இறங்கிப் பார்த்தால் இடது டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கீறல். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் நடு ஆற்றில் வெடித்திருக்கும். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அங்கே அவள் உட்கார்ந்திருந்தால்? ஐயோ, நினைக்கவே முடியவில்லையே. என்ன பெரிய ரோஷம் வேண்டிக்கிடக்கு எனக்கு? பெத்தவதானே நான்?

கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார். எதற்கு என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. "சனிக்கிழமை வர்றேன்."

மார்ச் 15, சனி

காலை ஒன்பது மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். கித்தான் பையில் மூன்று சுத்தியல். "வாங்க" என்றேன். "வந்துட்டேன்" என்றார். இருவரும் நேராக வண்டியிடம் போனோம். நல்லவேளை, பார்ப்பதற்கு வண்டி இருந்தது.

"ஸ்பேசர் யாரு போடச் சொன்னது?"

"நான்தான்."

"சரி." அந்தச் 'சரி'யில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கழற்றி வைத்துவிட்டு, "எப்படி அளந்தீங்க?" என்றார்.

"காலி வண்டியில, சமதரையில."

"காலி வண்டிய அளக்கிறது, போட்டோவுக்கு வயித்த எக்கிட்டு நிக்கிற மாதிரி சம்பந்தியம்மா. மூச்ச விட்டாத்தான் நெஜம் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

இருந்த மண் மூட்டைகளையெல்லாம் பின்னால் ஏற்றினோம். இடது முன்சக்கரத்தைப் பலகை அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தியதும் டயர் மட்கார்டுக்குள் அமுங்கியது. டயர் முழுக்க சாக்பீஸைத் தேய்த்தார். "இப்ப முழுசா ஒடிங்க." ஒடித்தேன். கர்ர்ர். குனிந்து பார்த்தால் மட்கார்டின் பின்மூலையில், கதவை ஒட்டி, வெள்ளைக் கோடு.

அந்த இடத்தைக் கையால் தடவினார். வலது பக்கம் போய் அங்கேயும் தடவினார். திரும்பி வந்தார்.

"இந்தப் பக்கம் தகடு உள்ள வந்திருக்கு. எதுலயோ இடிச்சிருக்கு. எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "கல்யாணத்தன்னிக்குக் காலையில. அவ பெட்டிய ஏத்திட்டு ரிவர்ஸ்ல ஒடிச்சு எடுத்தேன். கண்ணீர் கண்ண மறைச்சிருச்சு. முன்பக்கம் மண்டபத்துத் தூண்ல இடிச்சிருச்சு." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அன்னிக்குக் கதவு மூடாம நின்னதும் இதாலதானா?"

"ம்."

"நான் கதவத்தாங்க சொன்னேன். ஓடுறப்ப தொறந்துக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம். உங்கள ஒண்ணும் சொல்லல. அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

"தெரியும்" என்றேன். எங்கே தெரியும்? இன்றுதான் தெரியும். ஒரே இடிதான். ஒன்றரை வருஷச் சண்டைக்கும் அதுதான் காரணம், இந்தச் சத்தத்துக்கும் அதுதான்.

மத்தியானம் இரண்டு மணிவரை தட்டினார். மட்கார்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த தகட்டு விளிம்பை மடித்துப் படிய வைத்தார். மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் உறையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினார். துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்தார். கீறல் விழுந்த டயரைக் கழற்றச் சொல்லி, டயர்க்கடையில் வேறு வாங்கி மாட்ட வைத்தார். மறுபடி பலகை, மறுபடி சாக்பீஸ். ஒடித்தேன். சத்தம் இல்லை. கோடு இல்லை. கதவையும் கேட்காமலேயே சரிசெய்துவிட்டார். ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது.

சாப்பிடச் சொன்னேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாடா.

மார்ச் 16, ஞாயிறு

சம்பந்தி போகும்போது என்னிடம் சொன்னார், எனக்கு மறந்துவிடும் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லி வைத்திருக்கிறார்: பெரிய டயர், அதனால் ஸ்பீடு மீட்டர் இனி குறைத்துக் காட்டும், நாற்பது என்றால் நாற்பதுக்கு மேலே போகிறோம் என்று அர்த்தம். கொஞ்சம் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்க அவரே வருவாராம்.

எவ்வளவு பேர் நினைத்து நினைத்துச் செய்கிறார்கள். நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை பதினோரு மணி. சம்பந்தி நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் போன்: பள்ளிக்கூடத்திலேயே வலி எடுத்துவிட்டது. சம்பந்தி ஸ்பேனரைக்கூட வைக்கவில்லை, அதோடு ஏறிவிட்டார்.

மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது முன் சீட்டில் நான், நடுவில் மகள், அவளைத் தாங்கிக்கொண்டு மாப்பிள்ளை. பின்னால் மண் மூட்டைகளின் மேல் சம்பந்தி. "நானும் லோடுதான், பாத்து ஓட்டுங்க" என்றார். ஆற்றில் இறங்கினேன். வயிறு எங்கேயும் இடிக்கவில்லை. அந்த வளைவு வந்தது. வண்டி இடது பக்கம் அமுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுக்க ஒடித்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. மகள்தான் கத்தினாள், "அம்மா, சீக்கிரம்!" என்று. கதவு கெட்டியாக மூடியிருந்தது.

மார்ச் 27, வியாழன்

பெண் குழந்தை. இருவரும் நலம். நன்றி. நன்றி. நன்றி.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகளையும் குழந்தையையும் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். குழந்தைக்கு முதல் பிக்கப் சவாரி. வழி முழுக்கத் தூக்கம்.

அங்கே இருக்கும்போது என் போன் அடித்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். "அம்மா, யாரும்மா இது 'எடுக்காதே'?"

"உன் மாமனார்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. அழுகையை அவர் போனிலேயே கேட்டார். அதற்குத்தான் கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் பெயரை மாற்ற உட்கார்ந்தேன். கை வரவில்லை. அப்படியே இருக்கட்டும். 'எடுக்காதே' என்று வந்தால், இப்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் விடுவதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன்.