வெளிச்சம் வந்த நாள்

அக்கா,

சதுப்பு நிலத்தில் வெளிச்சமே சரியில்லை என்று அத்தானிடம் தினமும் போனில் சொன்னது பொய்யில்லை. காலையில் பனிமூட்டம், மதியம் மழை. படம் எடுக்க முடியாமல், ஊருக்குக் கிளம்பவும் மனமில்லாமல், இருப்புக்கொள்ளாமல் படகிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று மேகம் விலகி, தண்ணீரெல்லாம் பொன்னாக மின்னியது. நாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. என் கை கேமராவைத் தொடவே இல்லை.

படகோட்டி திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக் கெடந்தீங்க?”

“அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன்.”

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் படகைக் கரைக்குத் திருப்பினார்.

பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இதை நானே உன் கையில் தருவேன். திட்டுவதற்கு முன்னால், கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு.

உன் வாலு