அருவிக்குப் போனவர்களின் பைகள்

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் பனி. விடியுமுன் எழுந்து புளி சா., தயிர் சா., உருளை வறுவல், முட்டை. எல்லாம் நான்தான். ஆவடியிலிருந்து வேனில் குடும்பத்தோடு. ஆந்திரா எல்லையில், காட்டுக்குள் அருவி. ஒரு மாதமாக ஃபோனில் படம் பார்த்துப் பார்த்து ஆசை. மாற்றுப் புடவைகூட எடுத்து வைத்தேன்.

இறங்கியதும் இவர், "இந்தக் கால வெச்சிகினு உன்னால நடக்க முடியாது வசந்தி. காட்டுப் பாதை. இங்கியே குந்து. கொரங்கு கீது, பையெல்லாம் பாத்துக்கோ."

ஓரகத்தி கவிதா உடனே தன் பையையும் என் மடியில் வைத்தாள். "அக்கா, இதுல சார்ஜர் கீது, பத்திரம்."

போய்விட்டார்கள். டிரைவர் தூக்கம். குரங்குகள் ஐந்தாறு. ஒன்று வறுவல் டப்பாவைத் தூக்கிப்போய் என் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. குடையை வீசினேன். குடையும் போச்சு. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானம் எல்லாரும் ஈரத் தலையோடு. முன்னால் என் மாமியார்! கையில் ஊன்றுகோல், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாம்மா, நீ வராம பூட்டியே! சிமெண்ட் போட்டு, புடிச்சிகினு போவ கம்பி வெச்சி, பாத சூப்பரா கீது. நம்ம தெரு கூட அப்டி இல்ல."

பரிமாறியதும் நான்தான். "வறுவல் எங்க?" என்றார் இவர். கரண்டியாலேயே ஒன்று போட்டிருக்கலாம்.

ஜனவரி 5, திங்கள்

ஈரத் துண்டு ஒரு மூட்டை. பிழிந்தேன். அருவித் தண்ணீர் என் கைக்கு வந்தது இப்படித்தான்.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்து இரண்டு வருஷம். லேசாகச் சாய்ந்து நடப்பேன், அவ்வளவுதான். இதே காலோடு தினமும் ஸ்டேஷன் படி ஏறி இறங்கி அம்பத்தூர் எஸ்டேட் போகிறேன். நாள் பூரா நின்று வேலை. அதற்கெல்லாம் "முடியாது வசந்தி" என்று ஒருத்தர் வாயிலும் வராது. சம்பளத்துக்கு நடக்கும் கால், அருவிக்கு நடக்காதாம்!

ஜனவரி 7, புதன்

தலைவலி. கேஸ் புக் பண்ண வேண்டும். இவரிடம் காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். "பாதை நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும், வீடியோ பாத்தேனே. எல்லாரும் பூட்டா பைய யாரு பாத்துகினு இருப்பா?"

தெரிந்தே! கால் வெறும் சாக்கு. வேனுக்குப் பூட்டு இல்லையா? கல்யாணமான புதிதிலும் இதே கதைதான். பீச்சில் எல்லார் துணிக்கும் காவல். மாங்காடு கோயில் வாசலில் எல்லார் செருப்புக்கும் காவல். அப்போது கால் நன்றாகத்தானே இருந்தது? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 9, வெள்ளி

கம்பெனியில் பக்கத்து மிஷின் செல்வியிடம் கொட்டித் தீர்த்தேன். "தூ! இன்னா மனுஷன்க்கா அவரு? ஞாயித்துக்கெழம நாம போறோம். சோறு கீறுன்னு எதுவும் கட்டாத, சொல்ட்டேன்."

இவரிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். திருவள்ளூர் வரை ரயில், அப்புறம் பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. அருவிப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளெல்லாம் ஈரம்.

பாதை மாமியார் சொன்ன மாதிரியேதான். சிமெண்ட், கம்பி, இரண்டு பக்கமும் மர நிழல். ஒரு சின்னக் குழந்தை ஓட்டமாகப் போனது. கால் வலிக்கவேயில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம். பாதி வழியில் அழுதுவிட்டேன். செல்வி மரத்தைப் பார்ப்பது போல நின்றாள்.

தண்ணீருக்கு அடியில் நின்றேன். ஐயோ, என்ன குளிர்! மண்டையில் மொத்துகிறது. உள்ளேயே நின்று வாய்க்கு வந்தபடி இவரைத் திட்டினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

தலை துவட்டும்போது ஃபோன். இவர்.

"எங்கடி கீற? எல்லாரும் கோயிலுக்குக் கெளம்பிகினு கீறோம்."

"அருவியில கீறேன்."

"அருவியிலயா? இந்தக் கால வெச்சிகினா?"

"ஆமா. பையெல்லாம் ஊட்லதான் கீது. குந்திகினு பாத்துக்கோ."

வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும். செல்வி இன்னொரு தடவை குளிக்கக் கூப்பிடுகிறாள். எங்கள் பை மரத்தடியில். குரங்கு வந்தால் வரட்டும்.