வில்பிரட் என்கிற ஒரு டம்ளர்

மார்ச் 4
கடைத்தெருவில் வில்பிரட் சாரைப் பார்த்தேன். சம்சாரம் ரோஸி அக்கா இறந்துபோனதிலிருந்து மனுஷன் பாதியாகிவிட்டார். சாப்பிட்டீங்களா என்றால், "ஆச்சும்மா." எங்கே ஆச்சு? கையில் பிஸ்கட் பாக்கெட்.

மார்ச் 6
மகன் சக்திவேலிடம் அவருக்குச் சாப்பாட்டு கேரியர் கொடுத்தனுப்பினேன். திறக்காமலே திரும்பி வந்தது. யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதாம். கோபம் கோபமாக வருகிறது. வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கிய வருஷம் குடும்பத்தோடு அவர் வீட்டு மாடியில் கிடந்தோமே, அது என்ன?

மார்ச் 9
மானம் போனது. ரோஸி அக்காவின் நினைவு ஜெபத்துக்குச் சொல்ல அவரே வந்திருந்தார். ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். சமையலறையிலிருந்து அனுப்பிரியா, "அத்தை, இன்னைக்கு வில்பிரட் போடணுமா, வேணாமா?"

தையில் வந்த மருமகள். அவளுக்கு இவர் வெறும் சர்ச் அங்கிள், பேர் தெரியாது. வில்பிரட் என்றால் ஏதோ அரிசி அளவு என்று நினைத்திருக்கிறாள்.

"என் பேரையா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார்.

மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிட்டேன். வெள்ளத்தின்போது அவர் வீட்டிலும் அரிசி கொஞ்சம்தான். ஆனாலும் அளந்து போட்டபிறகு இன்னொரு டம்ளர் அள்ளிப் போடுவார். "யாராச்சும் நனைஞ்சுகிட்டு வருவாங்க." ரோஸி அக்கா திட்டுவாள். யாராவது வரத்தான் செய்தார்கள். வீடு திரும்பியபிறகு நானும் அப்படியே போட ஆரம்பித்தேன். அப்போது பிளஸ் ஒன் படித்த சக்திவேல்தான் முதலில் கேட்டான், "அம்மா, வில்பிரட் போட்டியா?" அதுவே நிலைத்துவிட்டது.

"மரியாதைக் குறைச்சல் இல்ல சார்..." என்று உளறினேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப தினம் உங்க வீட்ல நான் வெந்துகிட்டு இருக்கேன்."

சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். அனுப்பிரியா அழுதாள். அவளைத் தேற்றினேன், என்னைத் தேற்ற ஆளில்லை.

மார்ச் 10
வரவில்லை. வழக்கம்போல வில்பிரட் போட்டேன். பால்காரர் சாப்பிட்டார்.

மார்ச் 13
அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன பேசுவது?

மார்ச் 16
காலையில் போன். வில்பிரட் சார்.  

"சந்திரிகா, மதியத்துக்கு என்னை ரெண்டா போட்டுடும்மா. ஊர்லேர்ந்து தம்பி வரான், பெருங்களத்தூர்ல இறங்கிட்டானாம். ரெண்டு பேரும் வரோம்."

கேட்டுவிட்டார். மனுஷன் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். கடவுளே, எனக்கு இது போதும்.