அப்பாவின் நாற்காலிப் பட்டை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாக விழுந்துவிட்டார் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த முதியோர் இல்லத்து மேலாளர் சொல்கிறபடி அவரை நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்ட ஒப்புதல் கொடுத்துவிடு. நீ தயங்குவாய், தெரியும். மனசைக் கல்லாக்கிக்கொள். இடுப்பெலும்பு உடைந்தால் அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 19

அருமைத் தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நினைவு தப்பினாலும், நாற்பது வருஷம் இடுப்பில் பட்டை கட்டி மின்கம்பம் ஏறின மனுஷன் இல்லையா, பட்டையைப் பார்த்ததும் "எந்தக் கம்பத்துல கோளாறு?" என்று கேட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "அம்மாடி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ வெளிநாட்டில் இருந்துகொண்டு அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்றே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டாய்.

உன் அக்கா

ஏப்ரல் 27

தம்பிக்கு,

பதறாமல் படி. அப்பா பிழைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் நாற்காலியிலிருந்து சறுக்கியிருக்கிறார். பட்டை மேலே ஏறிக் கழுத்தை இறுக்கிவிட்டது. தரை துடைக்க வந்த பெண் பார்த்து அவிழ்த்திருக்காவிட்டால், இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

புதிதாக வந்த நர்ஸ் என்னையும் மேலாளரையும் பார்த்து, "அவர் எதுக்கு எந்திரிக்கிறார்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள். யாரும் கேட்கவில்லை, தம்பி. சிறுநீர் முட்டும்போதுதான் எழுந்திருக்கிறார். பெண்களிடம் சொல்லக் கூச்சம். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறார்கள். கட்டிலைத் தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போட்டிருக்கிறார்கள். பட்டையை எடுத்தாயிற்று. ஆனால் உட்கார்ந்தே கிடந்ததில் கால் சூம்பிவிட்டது. பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியவில்லை.

நீ சொன்னாய், நான் கையெழுத்துப் போட்டேன். யாரை யார் குறை சொல்வது?

அக்கா

ஜூன் 8

அக்கா,

பத்திரமாக இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமலே பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசி நாள் நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தாயே, அப்போது அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக் குனிந்தேன். சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார்.

"கட்டிக்கோங்க சார். நான் எந்திரிக்க மாட்டேன்."

"இல்லப்பா, இனிமே யாரும் கட்ட மாட்டாங்க."

"பரவால்ல சார். பையன்தான் கட்டச் சொல்லியிருக்கானாம். வெளிநாட்டுல இருக்கான், பாவம், என்ன கவலையோ அவனுக்கு. அவன் பேச்சைத் தட்டிட்டீங்கன்னா வருத்தப்படுவான்."

அவரிடம் இதை யார் சொன்னார்கள் என்று உன்னைக் கேட்கமாட்டேன். சொன்னது உண்மைதானே.

பொத்தானைப் போட்டு முடித்தேன். நான்தான் அந்தப் பையன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

தம்பி