ஒரு ஆளுக்கு ஒரு வரி

இன்று காலை பிரசவ வார்டிலிருந்து ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டுப் போன் வந்தது. நம் ரத்ததானத் தகவல்தளத்தில் தேடினேன். உன் பெயர்தான் முதலில் வந்தது. கடைசியாகக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டதால், நீ மறுபடி கொடுக்கலாம் என்று காட்டியது. நீ இறந்ததை அதில் பதிய எனக்கு இதுவரை மனம் வரவில்லை. பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டேன்.

உன் தங்கை எடுத்தாள். "அண்ணன் போனு என்கிட்டதான்க்கா இருக்குது. ஓ நெகட்டிவா? எனக்கும் அதேதான். கெளம்பறேன்."

நாம் தொடங்கியபோது எல்லாமே ஒரே எக்செல் ஷீட். ஒருவர் ரத்தம் கொடுக்கும்போதெல்லாம் அவர் பெயர், ஊர், போன் எல்லாவற்றையும் புது வரியில் அடிப்போம். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அவரும் ஓ நெகட்டிவ், அப்படிப் பல வரிகளில் இருந்தார். அவர் எண் மாறியபோது கடைசி வரியில் மட்டும் புது எண் ஏறியது. மேல்சித்தாமூர்ப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போன அன்று, மேல் வரியிலிருந்த பழைய எண்ணையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். வேறு ஆள் கிடைப்பதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தை மட்டும் பிழைத்தது.

மறுநாள் கடைக்காரர் சொன்னார்: "நான் கடையிலதான் உக்காந்துனு இருந்தேன். ஒரு போனும் வரலியே."

நீ கடையை விட்டு இறங்கி, வெயிலில் நம் ஊர்க் கோட்டைப் பக்கம் நடந்தாய். அந்த வாரமே ஷீட்டைப் பிரித்தாய். ஆட்களுக்கு ஓர் அட்டவணை; அதில் ஒருவருக்கு ஒரே வரி, ஓர் அடையாள எண். ரத்தம் கொடுத்த விவரம் தனி அட்டவணை. அதில் பெயர் கிடையாது, அந்த அடையாள எண் மட்டும். போன் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

"ஆளு ஒரு தபாதான் இருக்கணும். அவன் குடுத்தது எத்தினி தபா வேணா இருக்கட்டும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு வெச்சோம், அந்தப் பொண்ணு செத்துப்போச்சு," என்றாய்.

திருவண்ணாமலை ரோட்டில் லாரி உன் பைக்கை அடித்த அன்று, நீ கட்டியது பிசகாமல் வேலை செய்தது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். பாத்திரக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வந்தார். ரத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. உன் உயிர் தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் நைனா என்னைக் கேட்டார்: "எல்லாரும் வந்தாங்களேம்மா. அப்புறம் இன்னாத்துக்கு இப்பிடி ஆச்சு?"

இன்று மத்தியானம் உன் தங்கை ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி வந்தாள். வார்டிலிருந்து நல்ல சேதி எதுவும் இன்னும் வரவில்லை.

"அண்ணன் பேர்லயே என்னையும் போட்டுடுக்கா. நம்பரும் அதேதான. அவரு பேரு வந்துனு இருக்கட்டும்."

சரி என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் நீ என்னிடம் விட்டுப்போனது ஒரு ஆளுக்கு ஒரு வரி என்கிற அந்தக் கண்டிப்பு ஒன்றைத்தான். "முடியாதும்மா. நீ வேற ஆளு," என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவளுக்குப் புது வரி திறந்து உன் போன் எண்ணை அதில் போட்டேன். உன் வரியில் நீ இறந்த தேதியை அடித்தேன். நீ கொடுத்தவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இனி ஓ நெகட்டிவ் என்று யார் தேடினாலும் நீ வரமாட்டாய். அவள் வருவாள்.