பளிங்குக்காரி சேந்தியோடு அனுப்பிய ஓலை

நிலமும் நீரும் நிலைபெறுக. செம்மணியாற்றின் தென்கரை முழுதுடைய கோ பொறையத்தரையர் ஆணை நிற்க, அவர்தம் முதல் மந்திரி அழிசியார் எழுதுவிக்கும் ஓலையைக் கருங்கல்மலைக் காவற்கோட்டத் தலைவர் ஏனாதி கடம்பனார் காண்க. உம் மதிலும் சுனையும் காவலரும் நலமாகுக.

சபையில் இருந்தோர்: மந்திரி அழிசியார், வடகரைத் தூதர் கண்டீரனார், கரைக்கு ஒருவராக எழுத்தர் இருவர், பளிங்குவில்லை தேய்க்கும் சேந்தி, வாயிற்காவலர் இருவர். வேறெவரும் இல்லை. இருந்ததாக எவன் சொன்னாலும் அவனையும் விசாரிக்க.

மூன்று தலைமுறைக்கு முன் இரு கரையும் ஒரே நாடு. மறுபடி ஒன்றாக வேண்டும் என்று கேட்டு வந்த தூதர், சான்றாக ஆறு பளிங்குச் சில்லுகளை வரிசையாக வைத்தார். அவை சேந்தியின் கைவேலை; போன மழைக்காலத்தில் அவளிடம் வாங்கிப் போனவை. வெங்காய வேரின் நுனியைப் புளித்த காடியில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, நசுக்கி ஒட்டியிருந்தாள். வில்லை வழியே பார்த்தால் வேர் முழுதும் சின்னஞ்சிறு அறைகள். அவற்றை உயிரணு என்கிறாள். முதல் சில்லில் அடுத்தடுத்து இரண்டு அணுக்கள். அடுத்ததில் நடுச்சுவர் இல்லை. பிறகு அணுவுக்குள் சாயம் பிடித்துத் தெரியும் நூல்கள் இரு புறமிருந்தும் நடுவே வந்து சேர்கின்றன. கடைசியில் ஒரே அணு. இரண்டு ஒன்றாவதே இயற்கை என்றும், பிரிந்துபோன தென்கரை தாயோடு சேர்வதே முறை என்றும் தூதர் முழங்கினார்.

மந்திரிக்கு உறுத்தியது. சில்லை விற்றவள் வரிசையையும் சேர்த்து விற்றாளா?

"தனித்தனியாத்தான் குடுத்தேன் ஐயா," என்றாள் சேந்தி. "அதுல இருக்கிறதெல்லாம் பொணம். எது முந்தி, எது பிந்தின்னு பொணம் சொல்லாது."

"அப்படியானால் அவர் அடுக்கியது தப்பு என்று சொல்."

"இதை வச்சு அதையும் சொல்ல முடியாது. உயிரோட ஒண்ணு வேணும்."

"வெங்காயத்தைக் கையைக் காலைக் கட்டி இழுத்துட்டு வரச் சொல்லும்மா," என்று தூதர் சிரித்தார்.

அவள் கேட்டது புதிதாக இட்ட தவளை முட்டை. மந்திரி ஏவலர் எவரையும் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாமே அரண்மனைக் குளத்தில் இறங்கி அள்ளிவந்தார். தட்டில் நீர் ஊற்றி மிதக்கவிட்டு, எல்லோரும் முறைவைத்துப் பார்த்தனர். வெயில் ஏறுமுன் உருண்டையின் உச்சியில் ஒரு வடு விழுந்தது. அது கீழே இறங்கி இறங்கி, ஒன்று இரண்டாயிற்று. பிறகு நான்கு, பிறகு எட்டு. உச்சிவேளை வரை எதுவும் எதனோடும் சேரவில்லை. தவளை வேறு, வெங்காயம் வேறு என்று தூதர் இழுத்தார். சேந்தி சில முட்டைகளைப் பிரியும் நிலையிலேயே காடியில் கொன்று சாயமேற்றிக் காட்டினாள். அங்கும் நூல்கள் அதேபோல நடுவில் நின்றன. பிறகு ஆறு சில்லுகளையும் தூதர் வைத்ததற்கு நேர்மாறான வரிசையில் அடுக்கினாள்.

தூதர் விடவில்லை. "பிரிஞ்சா ஆளுக்குப் பாதிதானே? உங்க நாடு அரைகுறைன்னு ஒத்துக்கிறீங்களா?"

"எண்ணிப் பாருங்க. வெங்காயத்துக்குப் பதினாறு நூல். பிரியறதுக்கு ரொம்ப முந்தியே ஒவ்வொரு நூலும் தன்னைப் போல இன்னொண்ணை நூத்து வச்சுக்கும். அதுக்குத்தான் நேரமெல்லாம்; பிரியறது சட்டுனு முடிஞ்சிடும். நடுவுல வரிசை கட்டி நிக்கும். அப்புறம் இரட்டை விட்டு ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். இங்கயும் பதினாறு, அங்கயும் பதினாறு. குறை எங்க இருக்கு?"

தூதர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார். அதோடு முடிந்திருக்கும். எழுந்தவரை முழுதாகக் கவிழ்க்க நினைத்து மந்திரி இன்னொன்று கேட்டார்: தாய் எது, தென்கரைதானே? நம் கோவின் கல்வெட்டெல்லாம் அப்படித்தான் சொல்கின்றன.

"தாய்னு ஒண்ணு மிஞ்சாதுங்க. பிரிஞ்சதுமே தாய் போச்சு. இருக்கிறது ரெண்டும் மகள்தான். ஒரே வயசு."

எழுத்தர் இருவரின் எழுத்தாணிகளும் ஒரே சமயத்தில் ஓடின.

தூதர் போனபின் மந்திரி அவளைத் தனியே அழைத்து, சொன்னதை மாற்றச் சொன்னார். மாற்றாவிட்டால் மலைக்கோட்டத்துச் சிறை என்றார். மாற்றினால் கீழைத்தீவிலிருந்து மாசற்ற பளிங்கு வரவழைத்துத் தருவதாகவும் சொன்னார். "அதுல பார்த்தாலும் இதேதான் தெரியும் ஐயா," என்றாள்.

வடகரைக்கு அவள் விலைபோகவில்லை என்பது தெளிவு. நமக்கும் போகவில்லை. அப்படி ஒருத்தி யாருடைய ஆள் என்பது மந்திரிக்கு விளங்கவில்லை. விளங்காதவரை வெளியே நடமாட விடும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஆதலால் அவளைத் தனி அறையில் வைக்க. சோறு குறைக்கலாகாது. வில்லை, சாயம், வெங்காயம் உள்ளே போகலாகாது. தென்கரையே தாய் என்று அவள் எழுதித் தரும் நாளில் திறக்க. மெழுகில் பதிந்தது மந்திரியின் மோதிரம். அது உடைந்திருந்தால் கொண்டுவந்தவனையும் பிடித்து வைக்க. இது கோவின் ஆணையாகக் கொள்க.

ஓலையின் புறத்தில், கோட்டத் தலைவர் கைப்பட:

மெழுகு உடையாமல் வந்தது. வாசலில் நிறுத்தி, எழுதித் தருகிறாயா என்று கேட்டேன். "பேசாம கதவைத் திறங்க," என்றாள். திறந்தோம். உள்ளே போனாள். சாத்திப் பூட்டினோம்.